காவல் தெய்வம் மதுரை வீரன் வரலாறு

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களின் அமைப்பை அன்பர்கள் அனைவரும் அறிவர். உள்ளே கருவறையில் மாரியம்மன் வீற்றிருப்பாள். வெளியே, எல்லையிலோ மரத்தடியிலோ, கூரையுள்ள சிறு மேடையிலோ கூரையே இல்லாத மண் திட்டிலோ, முனியாண்டியும் சங்கிலிக் கறுப்பரும் மதுரை வீரனும் காவல் நிற்பர். கடற்கரையோரத் தென்னந்தோட்டமாயினும், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தைப் பக்கத்து ரப்பர்க் காடாயினும், 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் தோட்டமாயினும், நம் முன்னோர் குடியேறிய இடமெல்லாம் இவ்வமைப்பே தொடர்ந்தது. அம்மனுக்கு வீடு, வீரனுக்கு வாசல்.

குதிரை மீதமர்ந்த கோலம், ஓங்கிய வாள், முறுக்கிய மீசை, இருபுறமும் பொம்மி, வெள்ளையம்மாள் என்னும் இரு தேவியர். இத்திருவுருவத்தைக் கண்டவுடன் குழந்தைகளும் பெயர் சொல்லிவிடும். ஆயினும் வீரன் யார், எங்குப் பிறந்தான், எதற்காக மாண்டான் என்று கேட்டால் உடுக்கைப் பாட்டில் கேட்ட ஒரு துண்டும், தெருக்கூத்தில் பார்த்த ஒரு துண்டும், திரைப்படத்தில் கண்ட ஒரு துண்டுமே பலருக்கு நினைவில் எஞ்சியுள்ளன. ஆதலின் கதைப்பாடல்கள் கூறும் அவன் வாழ்வை முழுமையாக எடுத்துரைக்க இம்மலரில் முற்படுகின்றோம்.

கதை காசியில் தொடங்குகிறது. காசியை ஆண்ட மன்னனுக்கு நெடுநாள் தவத்தின் பயனாக ஓர் ஆண்மகவு பிறந்தது. பிறக்கும்போதே கொடி மாலையாகக் கழுத்தைச் சுற்றியிருந்தது. மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை குலத்துக்கும் கோட்டைக்கும் ஆகாது எனச் சோதிடர் கூறினர். மன்னன் மனம் கலங்கினான். எனினும் சோதிடர் சொல்லை மீற அவனுக்குத் துணிவில்லை. குழந்தை காட்டில் விடப்பட்டது. அங்கே நாகம் படமெடுத்துக் குடை பிடித்தது என்று பாடுவர்.

அக்காட்டு வழியே வந்தவர்கள் சின்னானும் செல்லியும். தோல் தொழில் செய்து பிழைத்தவர்கள். இன்று அருந்ததியர் என்று மதிப்புடன் அழைக்கப்பெறும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். குழந்தையை எடுத்தார்கள், வீரன் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். எடுத்த பிள்ளை என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை என்பதைக் கதை பல இடங்களில் உணர்த்துகிறது. பின்னர் அக்குடும்பம் தெற்கே வந்து, காவிரிக் கரையில் தொட்டியம் பாளையத்தை ஆண்ட பொம்மண நாயக்கரிடம் ஊழியத்தில் அமர்ந்தது.

பொம்மண நாயக்கரின் மகள் பொம்மி. அவள் பருவமெய்தியபோது, அக்கால வழக்கப்படி ஊருக்கு அப்பால் பச்சைக் குடிசை கட்டித் தனியே இருத்தினர். இரவுக் காவல் சின்னானின் கடமை. மழையும் குளிரும் மிகுந்த ஓரிரவில் தந்தைக்குப் பதிலாக வீரன் காவலுக்குச் சென்றான். காவல் காக்கச் சென்றவனும் காவலில் இருந்தவளும் மனம் ஒன்றினர். அரண்மனை மகளும் செருப்புத் தைப்பவரின் மகனும் மணப்பதை எந்தப் பாளையமும் ஏற்காது என்பதை இருவரும் அறிவர். இரவோடு இரவாகப் பொம்மியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு வீரன் புறப்பட்டான். பொம்மண நாயக்கர் படை திரட்டித் துரத்தினார். நிகழ்ந்த போரில் மாமனார் மருமகன் கையாலேயே மாண்டார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியுள்ளது. பக்திக் கதையென்று கேட்பவர்கள் இந்தப் போரை விரைந்து கடந்துவிடுவர். பொம்மியின் நிலையை எண்ணிப் பார்ப்பார் குறைவு. தந்தையை இழந்ததும் கணவனைப் பெற்றதும் அவளுக்கு ஒரே நாளில் நேர்ந்தன. அன்று தொடங்கி இறுதிவரை அவள் வீரனைப் பிரியவில்லை.

இருவரும் திருச்சிராப்பள்ளியை அடைந்தனர். நகரை ஆண்ட நாயக்க மன்னர் நிகழ்ந்ததை விசாரித்து, வீரனின் தோள்வலியைக் கண்டு தம் படையில் சேர்த்துக்கொண்டார். அந்நாளில் மதுரைச் சீமையில் அழகர்மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் கொள்ளைக் கூட்டத்தாரால் வணிகரும் யாத்திரிகரும் பெருந்துயர் அடைந்தனர். மதுரை மன்னர் திருமலை நாயக்கர் உதவி வேண்டினார். திருச்சியிலிருந்து அனுப்பப்பட்டவன் வீரன். கொள்ளையரை அடக்கினான், நகரம் அச்சமின்றி உறங்கிற்று. பிறந்த ஊர் காசி என்றும், வளர்ந்த ஊர் தொட்டியம் என்றும், பணியாற்றிய ஊர் திருச்சி என்றும் கதை கூறினாலும் அவன் பெயரோடு மதுரை ஒட்டிக்கொண்டது இதனால்தான்.

மதுரை அரண்மனையில் ஆடல் மகளாக இருந்தவள் வெள்ளையம்மாள். அவளுக்கும் வீரனுக்கும் காதல் மலர்ந்தது. இவ்விடத்தில் கதைப்பாடல்கள் பலவாகப் பிரிகின்றன. அரண்மனையிலிருந்து வெள்ளையம்மாளை அழைத்துச் செல்ல நள்ளிரவில் வந்தபோது காவலர் அவனைக் கள்வன் எனப் பிடித்தனர் என்பது ஒரு வழக்கு. அவன் புகழைப் பொறாதவர்கள் கொள்ளையரோடு அவனுக்கு உறவுண்டு என்று மன்னரிடம் கோள் மூட்டினர் என்பது மற்றொன்று. எவ்வாறாயினும் முடிவு ஒன்றே. தீர விசாரியாமல் மன்னர் மாறுகால் மாறுகை வாங்க ஆணையிட்டார். வலப்புறத்தில் கை, இடப்புறத்தில் கால் என ஒருபுறத்துக் கையையும் மறுபுறத்துக் காலையும் வெட்டும் கொடுந்தண்டனை அது. நகரைக் காத்தவனின் குருதி அந்நகரத்து மண்ணிலேயே சிந்தியது.

பொம்மியும் வெள்ளையம்மாளும் ஓடிவந்து புலம்பினர். பிடிபட்டவன் யாரென்பது அதன் பின்னரே மன்னருக்குத் தெரியவந்தது. அன்னை மீனாட்சியின் அருளால் வெட்டுண்ட கையும் காலும் மீண்டும் பொருந்தின என்று பாடல்கள் கூறும். கதை அங்கேயே மங்களமாக முடிந்திருக்கலாம். ஆனால் வீரன் அவ்வாழ்வை ஏற்கவில்லை. விதி முடிந்தது என்று கூறித் தன் கையாலேயே தன் தலையை அரிந்து அன்னையின் வாசலில் உயிர் துறந்தான். தேவியர் இருவரும் அவனோடு மாய்ந்தனர். அதன்பின் மதுரையில் துன்பங்கள் நேர்ந்தன. மன்னர் கனவில் உண்மை உணர்த்தப்பட்டது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் வீரனுக்குச் சந்நிதி எழுந்தது. மதுரைக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் இன்றும் அவனை அங்கே வணங்கலாம்.

மதுரையில் ஒரு மன்னன் விசாரியாமல் தண்டித்தது இது முதன்முறை அன்று என்பதைச் சிலப்பதிகாரம் கற்றவர் உடனே நினைவுகூர்வர். கோவலனைக் கள்வன் என்று கொன்றதும் அதே மதுரையில்தான். அங்கே பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டான், நகரம் எரிந்தது, கண்ணகி தெய்வமானாள். தவறிழைத்த அரசு வணங்கிப் பரிகாரம் தேடுவதும், தவறிழைக்கப்பட்டவர் தெய்வமாவதும் நம் மரபில் ஆழ வேரூன்றிய எண்ணங்கள். போரில் பட்ட வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள் தொடங்கிப் படிப்படியாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. மதுரை வீரன் வழிபாடு அந்நடுகல்லின் வழித்தோன்றல் எனக் கருதுவதில் தவறில்லை.

பிற நாட்டாரிடத்தும் இத்தகைய தெய்வங்கள் உண்டு. சப்பான் நாட்டில் சுகவாரா நோ மிச்சிசானே என்னும் பேரறிஞர் அமைச்சராயிருந்தார். பொய்ப்பழி சுமத்தப்பட்டு 901ஆம் ஆண்டில் தலைநகரிலிருந்து தொலைவிடத்துக்கு அனுப்பப்பட்டு, 903இல் அங்கேயே மறைந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அவருடைய பகைவர்கள் மாண்டனர்; 930இல் அரண்மனையின் மீது இடி விழுந்தது. அவருடைய சினமே காரணம் என அஞ்சிய அரசவை அவருக்குப் பதவிகளை மீண்டும் வழங்கிற்று. கியோத்தோ நகரில் ஆலயமும் எழுந்தது. இன்று அவர் கல்விக்குரிய தெய்வம். தேர்வெழுதும் மாணவர் அவரை வேண்டிச் செல்கின்றனர். நம் சீன அண்டை வீட்டார் செந்நிற முகத்தோடும் நீண்ட தாடியோடும் வைத்து வணங்கும் குவான் கோங்கும் கி.பி. 220ஆம் ஆண்டளவில் பகைவரால் பிடிக்கப்பட்டுத் தலை வெட்டப்பட்ட போர்த்தலைவரே. ஒரே பட்டணத்தில் அவர் கடைக்குள்ளும் வீரன் கோயில் வாசலிலும் காவல் நிற்கின்றனர்.

இனி வரலாற்று நோக்கில் ஒன்றிரண்டு செய்திகள். திருமலை நாயக்கர் ஆட்சி 1623 முதல் 1659 வரை. வீரனுக்கு வேலை கொடுத்த திருச்சி மன்னராகச் சில பாடல்கள் விசயரங்கச் சொக்கநாதரைக் குறிப்பிடுகின்றன. அவர் ஆண்டதோ 1706 முதல் 1732 வரை. ஒரே இளைஞன் இவ்விருவரிடமும் பணிபுரிந்திருக்க இயலாது. வாய்வழி வந்த பாடல், மக்களுக்குத் தெரிந்த பெரிய பெயர்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டது. தலைநகரம் திருச்சிக்கும் மதுரைக்குமாக மாறி மாறி இருந்த நாயக்கர் காலத்தில் இக்குழப்பம் இயல்பே. ஆண்டு பொருந்தவில்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவு கட்டுவோரும் உண்டு; அது அவசரத் தீர்ப்பு. தெலுங்கு பேசிய பாளையக்காரர், அவரிடம் ஊழியம் செய்த, தெலுங்கு வழங்கும் தோல் தொழிலாளர் குடும்பம், காவல் முறை, எல்லை தாண்டிய கொள்ளை என இக்கதையின் பின்னணி முழுவதும் நாயக்கர் காலத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

பொருந்தாமல் தனித்து நிற்பது காசிப் பகுதி ஒன்றே. தொட்டியத்திலிருந்து மதுரை வரை ஊரும் பேரும் வழியும் தெளிவாக நடக்கும் கதை, பிறப்பை மட்டும் எங்கோ வடக்கே கொண்டுபோய் வைக்கிறது. காசி மன்னன் மகன் என்னும் முன்கதை பிற்காலத்தில் சேர்ந்தது. வீரன் சின்னானுக்கும் செல்லிக்கும் பிறந்த மகனே என்று கருதும் ஆய்வாளர் உளர். எமக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

கைவிடப்பட்ட அரசகுலக் குழந்தையை எளியவர் எடுத்து வளர்க்கும் கதை உலகெங்கும் உண்டு. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் மெசொப்பொத்தேமியாவை ஆண்ட சார்கோனைப் பற்றியும் இதுவே கூறப்பட்டது: கோரைக் கூடையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தையை, தண்ணீர் இறைப்பவன் ஒருவன் எடுத்து வளர்த்தான் என்று. மோசே, உரோமாபுரியின் ரோமுலசு எனப் பட்டியல் நீளும். 1909ஆம் ஆண்டிலேயே ஓட்டோ ராங்க் என்னும் அறிஞர் இத்தகைய கதைகளைத் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். தாழ்ந்த குடியில் தோன்றியவன் பெரியவனாகும்போது, அவனுக்கு உயர்ந்த பிறப்பொன்றைத் தேடிக் கொடுப்பது உலக வழக்கம் போலும். இத்தனை வீரமும் செருப்புத் தைப்பவன் மகனுக்கு எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்காகவே காசி மன்னன் கதைக்குள் வரவழைக்கப்பட்டான். பொம்மி அரசகுலத்தவனைத்தான் மணந்தாள் என்று சொல்லிவிட்டால் அவள் உறவினருக்கும் ஒருவகை ஆறுதல்.

ஆனால் உண்மையாகவே தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்த கர்ணன் என்ன செய்தான்? தான் குந்தியின் மகன் என்று அறிந்த பின்னரும், வளர்த்த தாயாகிய இராதையின் மகனாகவே இருக்க விரும்பினான். வீரனும் காசிக்குத் திரும்பிச் செல்லவில்லை, அரியணை கேட்கவில்லை. முன்கதையை மெய்யென்றே கொண்டாலும், அவனுக்குப் பெயரிட்டவர்கள் சின்னானும் செல்லியுமே.

இவ்வரலாறு நம் தோட்டங்களுக்கு வந்த வழியும் எண்ணத்தக்கது. கங்காணிகள் வழியாக மலாயாவுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளி முதன்மையானது. சேலம், தஞ்சாவூர், ஆற்காடு ஆகியவையும் அவ்வாறே. காவிரியும் தொட்டியமும் வந்தவர்களுக்குக் கதையில் வரும் ஊர்கள் அல்ல. நடந்து பழகிய ஊர்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அவர்களோடு வீரனும் வந்தான். சாதி பார்த்து லயங்களைப் பிரித்த தோட்டங்கள் இருந்த காலம் அது. கருவறையருகே செல்லத் தடையிருந்தவர்களும் எல்லையிலிருந்த வீரனிடம் தடையின்றிச் செல்ல முடிந்தது. அவனுக்குப் பூசை செய்யக் குருக்கள் வேண்டியதில்லை. மந்திரம் தெரிய வேண்டியதில்லை.

குதிரையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் கேட்ட அவர்கள் வைத்த கோரிக்கைகளில் மற்றொன்று, துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்க வேண்டும் என்பது. மிதிவண்டியில்கூட அமர்ந்து போக உரிமையில்லாத மக்கள், வாரந்தோறும் வணங்கிய தெய்வம் குதிரையிலிருந்து இறங்காத தெய்வம். சுதைச் சிற்பி அக்குதிரையின் முன்னங்காலை உயரத் தூக்கி நிறுத்தியதை வெறும் அழகுக்காக என்று கொள்ள எமக்கு மனமில்லை.

1956இல் மதுரை வீரன் திரைப்படம் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். வீரனாகவும், பானுமதி பொம்மியாகவும், பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடித்தனர். கண்ணதாசன் உரையாடல் எழுதினார். தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு வீரனின் முகம் எம்.ஜி.ஆர். முகமாகவே பதிந்தது, மீசையைக்கூடப் படத்தைப் பார்த்துத் தீட்டியவர்கள் உண்டு. அப்படத்தில் சின்னானாகவும் செல்லியாகவும் நடித்தவர்கள் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். நகைச்சுவைக்கென்று சேர்த்த பாத்திரங்கள்தாம் எனினும், வீரனைப் பெற்ற அன்புக்கு உரியவர் யார் என்பதைத் திரையில் பார்த்தவர் மறக்கமாட்டார்.

வழிபாட்டு முறையிலும் காலம் மாற்றங்களைக் கொண்டுவந்துள்ளது. சுருட்டும் மதுவும் சேவலும் கிடாயும் படைப்பது பழைய முறை. ஆகம முறைக்குத் திரும்பிய கோயில்கள் பலவற்றில் பலி நிறுத்தப்பட்டு, பூசணிக்காயும் எலுமிச்சையும் அதனிடத்தைப் பெற்றன. மதுவைப் படைக்கலாமா என்பது பல கோயில்களில் வழக்குத்தான். குடியினால் தோட்டக் குடும்பங்கள் பட்ட துன்பத்தைக் கண்டவர்கள் மதுவை நீக்கச் சொல்வதில் நியாயமிருக்கிறது. ஆனால் மதுவோடும் சுருட்டோடும் சேர்த்து வீரனையும் நீக்கிவிடும் எண்ணம் சில இடங்களில் தலைதூக்குகிறது. கும்பாபிடேகத்துக்குப் பின் வீரனுக்கு இடமில்லாத கோயில்களும், வீரனைக் காசி மன்னன் மகனாக மட்டும் அறிமுகம் செய்யும் பலகைகளும் அதன் விளைவு.

மற்றொரு மாற்றம் இதனினும் பெரிது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், அதன்பின் வந்த செம்பனைப் பெருக்கமும், வீடமைப்புத் திட்டங்களும் தோட்ட மக்களைப் பட்டணங்களுக்குப் பெயர்த்தன. பத்தாங் பெர்சுந்தையே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. இடம் பெயரும்போது அம்மனைப் பாலாலயம் செய்து முறைப்படி எழுந்தருளச் செய்ய வழியுண்டு. ஆகமம் அதற்கு விதி வகுத்துள்ளது. மரத்தடியில் நட்ட கல்லும் வேலும் அரிவாளுமாக இருந்த வீரனுக்கு அத்தகைய விதியேதும் எழுதப்படவில்லை. மரத்தைக் கொண்டுவர இயலாது. வேலை மட்டும் பிடுங்கிக் கழுவி, அடியிலிருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்து, மோட்டார் வண்டியில் வைத்துப் புதிய நிலத்துக்குக் கொண்டுவந்த முதியவர்கள் இருக்கின்றனர். அவ்வேல் ஊன்றிய இடமே புதிய கோயிலின் வாசலாயிற்று. பொம்மிக்கும் வெள்ளையம்மாளுக்கும் பின்னர் சுதையில் உருவம் அமைந்தது. சின்னானுக்கும் செல்லிக்கும் உருவம் வைத்த சந்நிதியை இவ்வட்டாரத்தில் யாம் இன்னும் காணவில்லை.